கடைசியில் நகர்ந்த வில்லாளி

4-5-1986, திண்டிவனம்

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். எனக்குச் சாதகமாக ஒரு வரிகூட மாற்ற மாட்டேன்.

விழுப்புரத்திலிருந்து சக்கரபாணி அண்ணன் ஒரு விளையாட்டுப் புத்தகத்தின் ஜெராக்ஸ் கொண்டுவந்தான். ஆளுக்கொரு வீரராகிக் கதைக்குள் சண்டை போட வேண்டும். கதை நடத்துபவள் நான். கிராஃப் தாள்தான் குகை. வறுத்த வேர்க்கடலை, எங்கள் ஊர் மல்லாட்டைதான் அரக்கர்கள்; கொன்றவர் தின்னலாம். ஒவ்வொரு சுற்றிலும் எல்லாரும் பகடை உருட்டி, பெரிய எண் வந்தவர் முதலில் ஆறு கட்டம் நகர்ந்து அடிக்கலாம்.

பக்கத்து வீட்டு ஜெயம் வாள்காரி. தம்பி துரைக்கண்ணு மந்திரவாதி. என் வகுப்புப் பூமாலை வில்லாளி; காய்க்கு ஒரு குன்றிமணி கொண்டுவந்தாள். அவள் அம்மா எங்கள் நிலத்தில் களையெடுப்பவர்.

5-5-1986

பகடையை நிறுத்திவிட்டேன். நேரம் வீணாகிறது. இனி உட்கார்ந்திருக்கும் வரிசையிலேயே முறை: ஜெயம், துரை, பூமாலை.

7-5-1986

பூமாலையின் வில்லாளி செத்துவிட்டாள்.

மூன்று நாளாக அவள் முறை வருவதற்குள் மல்லாட்டை தீர்ந்துவிடும். "நீ வில்ல வளைக்கறதுக்குள்ள நாங்க தின்னு முடிச்சிடுவோம்டி" என்று ஜெயம் சிரித்தாள். இன்று அரக்கர்கள் வில்லாளியைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"நான் இன்னும் நகரவே இல்லியே" என்றாள் பூமாலை. பிறகு, "ஒரு தரமாவது கதவாண்டயிருந்து ஆரம்பிச்சா என்னா?"

அவள் பின்கதவுப் படியில்தான் உட்காருவாள். உள்ளே வா என்று நாங்கள் யாரும் சொன்னதில்லை.

8-5-1986

ஐந்தாம் தேதி எழுதியது பொய்.

நேரத்துக்காக இல்லை. முதல் நாள் பூமாலை உருட்டிய பகடையை நான் கையில் எடுத்தேன். அம்மா அடுக்களையிலிருந்து பார்த்தாள். "போய் கழுவிக்கினு வா" என்றாள். கையையா, பகடையையா என்று கேட்கவில்லை. இரண்டையும் கழுவினேன். பூமாலை பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மறுபடி தொடாமலிருக்கத்தான் மறுநாள் பகடையையே நிறுத்தினேன்.

9-5-1986

அவள் வரவில்லை.

10-5-1986

தாளையும் பகடையையும் எடுத்துக்கொண்டு பூமாலை வீட்டுக்குப் போனேன். "உள்ள வா" என்றாள். தண்ணீர் கொடுத்தாள்.

"அந்தச் சுற்று செல்லாது. மறுபடி ஆடலாம், பகடை உருட்டி" என்றேன்.

அரக்கர்களுக்காக நான் உருட்டியதில் இரண்டு. அவளுக்கு ஆறு.

"அப்ப மொதல்ல நான்தானே?"

குன்றிமணியை ஒவ்வொரு கட்டமாக நகர்த்தினாள். ஐந்தாவது கட்டத்தோடு தாள் முடிந்தது. ஆறாவது கட்டத்துக்குக் குன்றிமணியைத் தரையில் வைத்தாள்.

"ஊட்டுக்குப் போய்ட்டா. அவ்ளோதான்" என்று அதை எடுத்துக்கொண்டாள்.

வீட்டில் அம்மா, "எங்க போயிட்டு வர்ற?" என்றாள்.

"பூமாலை வீட்டுக்கு. உள்ள உக்காந்து தண்ணி குடிச்சேன்."

நான் கை கழுவவில்லை. தெருவிளக்கு வெளிச்சத்தில் இதை எழுதுகிறேன். அறை விளக்கை அம்மா அணைத்துவிட்டாள்.