காளஹஸ்தி வரைக்கும்

சித்தூர்
12.6.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நலம்தானே என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். நீங்கள் நலமாக இல்லை என்று தெரிந்தே அப்படிக் கேட்க மனம் வரவில்லை. வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? அதை மட்டும் எழுதுங்கள்.

நீங்கள் சூளூர்பேட்டையில் இருப்பதை உங்கள் சிநேகிதர் வேங்கடாசலம் அண்ணன்தான் போனில் கூப்பிட்டுச் சொன்னார். "பயப்படாதம்மா, சாயி எங்கிட்டதான் கீறான். ஐஸ் ஃபேக்டரில கூடமாட வேலை செஞ்சிக்கினு, துன்னுட்டுத் தூங்குறான். வேற எதுவும் பேச மாட்டேன்றான்" என்றார். அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது. உங்கள் போன் இங்கே பீரோ மேல் கிடக்கிறது. போனை விட்டுவிட்டுப் போன மனிதரிடம் வேறு எப்படிப் பேசுவது? கல்யாணத்துக்கு முன்பு கூட நான் உங்களுக்குக் கடிதம் எழுதியதில்லை.

இங்கே மாங்காய் சீசன் உச்சத்தில் இருக்கிறது. எங்கள் மாங்கூழ் ஃபேக்டரி வாசலில் டிராக்டர்கள் மெயின் ரோடு வரைக்கும் நிற்கின்றன. குளித்தாலும் வாசனை போகவில்லை. போன வருஷம் இதற்காக என்னை எவ்வளவு கேலி செய்தீர்கள்!

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மார்ச்சில், வயிற்றில் ஐந்தாம் மாதத்தில், நம் குழந்தை போன அன்று நீங்கள் எல்லாவற்றையும் சரியாகச் செய்தீர்கள். நாடி பார்த்தீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீர்கள். டாக்டர் கேட்டதற்கெல்லாம் தடுமாறாமல் பதில் சொன்னீர்கள். மறுநாள் ஆம்புலன்ஸ் டூட்டிக்குப் போய்விட்டீர்கள். எனக்கு அன்றைக்கு நாடி பார்க்கும் ஆள் வேண்டியிருக்கவில்லை மாமா. பக்கத்தில் உட்கார்ந்து என்னோடு அழ ஒரு ஆள் வேண்டியிருந்தது. "நீ எல்லாம் மனுஷனா?" என்று நான் கேட்டுவிட்டேனே, அதனால்தான் போனீர்களா?

உங்கள்
சேனா


சூளூர்பேட்டை
18.6.2024

என் சேனாவுக்கு,

சாப்பிடுகிறேன். அண்ணன் வீட்டில் தினமும் மீன்.

நீ கேட்டதால் நான் கிளம்பவில்லை. அதற்கு என்னிடம் பதில் இல்லாததால் கிளம்பினேன்.

போனை விட்டுவந்ததும் உன் மேல் கோபத்தால் இல்லை. அது அடித்தால் என் உடம்பு தூக்கிப்போடுகிறது. பால்காரர் கூப்பிட்டாலும் எங்கோ லாரி கவிழ்ந்துவிட்டது என்றுதான் தோன்றுகிறது.

உன்னிடம் சொல்லாத ஒன்று உண்டு. பிப்ரவரியில் ரேணிகுண்டா ரோட்டில் ஒரு விபத்து. புருஷனை வண்டியில் கிடத்தியிருந்தோம், அவர் வழியிலேயே போய்விட்டார். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கதறினாள். எனக்கோ, இறக்கிவிட்டு வந்தால் டீ குடிக்க நேரம் இருக்குமா என்று யோசனை ஓடியது. முன்பெல்லாம் அப்படி ஒரு உயிர் போனால் வீட்டுக்கு வந்து உன் மடியில் தலை வைத்துச் சொல்வேன். அது எப்போது நின்றது என்று எனக்கே தெரியவில்லை.

நம் குழந்தை போன அன்று, இப்போது வரும், இப்போது வரும் என்று துக்கத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. துக்கத்தால் நான் இங்கே வரவில்லை சேனா. துக்கமே இல்லாததுதான் என்னைப் பயமுறுத்துகிறது. அப்படிப்பட்டவன் உன் பக்கத்தில் படுத்திருப்பது நியாயமாகப் படவில்லை.

உன் கடிதத்தில் மாம்பழ வாசனை இருக்குமோ என்று மோந்து பார்த்தேன். இல்லை.

சாயி


சித்தூர்
27.6.2024

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஃபேக்டரிக்கு லீவு சொன்னேன். பஸ் ஏறி, திருப்பதி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், மனநலப் பிரிவு எங்கே என்று கேட்டேன். கேட்கும்போது குரல் தானாகவே இறங்கிவிட்டது. வாட்ச்மேன், "பைக்கி வெள்ளண்டிம்மா" என்று சத்தமாகச் சொல்லி மாடிப்படியைக் காட்டினார். எல்லாரும் திரும்பிப் பார்த்ததாக எனக்குத் தோன்றியது. உண்மையில் யாரும் பார்க்கவில்லை.

அங்கே கவுன்சலர் வைஜயந்தி மேடம் இருந்தார். திருப்பதி ஐயங்கார் வீட்டு அம்மா, தமிழிலேயே பேசினார். நல்லதாய்ப் போயிற்று, இதையெல்லாம் என்னால் தெலுங்கில் சொல்லியிருக்க முடியாது.

"பேஷண்ட் எங்கேம்மா?"

"அவரு சூளூர்பேட்டைல கீறாரு மேடம்."

"நீங்க இங்கதானே இருக்கேள். உங்களைப் பத்திச் சொல்லுங்கோ."

"எனக்கு ஒண்ணும் இல்ல மேடம்" என்று சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. மார்ச்சிலிருந்து சேர்த்துவைத்த எல்லாவற்றையும் அந்த நாற்காலியில் கொட்டினேன். மேடம் என்னையும் தொடர்ந்து வரச் சொல்லியிருக்கிறார்.

பிறகு உங்கள் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். "கல்மனசுன்னு நினைச்சுக்காதேங்கோ. நாள் பூரா மத்தவா வலியையே சுமந்தா மனசு ஓய்ஞ்சு போயிடும். ஓய்ஞ்ச மனசு எதையும் உள்ளே விடாது. நர்ஸ், டாக்டர், எத்தனையோ பேர் இதோட வரா. சரி பண்ண முடியும். ஆனா அவர்தான் வரணும்" என்றார்.

ஜூலை எட்டாம் தேதி, திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். நீங்கள் ரயிலில் வந்துவிடுங்கள். நான் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பேன். ஒரே ஒரு தடவை வாருங்கள் மாமா. உங்களைப் பார்த்தும் எவ்வளவு நாளாகிறது.

உங்கள்
சேனா


சித்தூர்
9.7.2024

மாமாவுக்கு,

நேற்று நின்றேன். மேடம் கிளம்பும் வரைக்கும் நின்றேன். உங்களுடையது மாதிரி நீலச் சட்டையில் யார் வந்தாலும் நீங்கள் என்றே நினைத்தேன்.

வர இஷ்டமில்லை என்றால் சொல்லியிருக்கலாம்.

தேவசேனா


சூளூர்பேட்டை
13.7.2024

என் சேனாவுக்கு,

முழுப் பெயரில் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். எனக்கு இது தேவைதான்.

நான் கிளம்பினேன். நம்பு. நீலச் சட்டைதான் போட்டிருந்தேன். காளஹஸ்தியில் ரயில் நின்றபோது கால் தானாக இறங்கிவிட்டது. வண்டி போனதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்புறம் சுவர்ணமுகி ஆற்று மணலில் போய் உட்கார்ந்துவிட்டு, சாயங்கால வண்டியில் திரும்பி வந்தேன். அண்ணன், "இன்னாடா, டாக்டர் இன்னா சொன்னாரு?" என்று கேட்டார். "காளஹஸ்தி வரைக்கும்தான் போனேன்" என்றேன். அவர் சோற்றைப் போட்டார்.

ஏன் இறங்கினேன் என்று மணலில் உட்கார்ந்து யோசித்தேன். அவர்கள் என்னைச் சரி செய்துவிட்டால், இத்தனை வருஷமாக வராதது எல்லாம் ஒரேயடியாக வருமே. ரோட்டில் பார்த்த அத்தனை முகமும் வரும். நம் குழந்தையும் வரும். அதைத் தாங்குவேனா?

ஒரு நாளைக்கு எத்தனையோ பேரை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தவன் நான். என்னை நானே கொண்டுபோக முடியவில்லை. இருபத்திரண்டாம் தேதியும் திங்கட்கிழமைதான். நீ காளஹஸ்தி வந்து ஏறிக்கொள்வாயா? அங்கிருந்துதான் எனக்குக் கஷ்டம்.

உன்
சாயி


சித்தூர்
17.7.2024

அன்புள்ள மாமாவுக்கு,

வருகிறேன். பிளாட்பாரத்தில் நிற்பேன். ஜன்னலோரம் உட்காருங்கள். என்னிடம் எதுவும் பேச வேண்டாம், எப்படியிருக்கிறாய் என்று கூடக் கேட்க வேண்டாம். எனக்குக் கொஞ்சம் இடம் விட்டால் போதும்.

எல்லாம் ஒரேயடியாக வந்தால் இரண்டு பேரும் சேர்ந்து தாங்கலாம். எனக்கு இப்போது கொஞ்சம் பழக்கம் வந்திருக்கிறது.

உங்கள்
சேனா


சூளூர்பேட்டை
12.8.2024

என் சேனாவுக்கு,

மூன்று தடவை சேர்ந்து போய்விட்டோம். மூன்று தடவையும் உன்னைச் சித்தூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு நான் மட்டும் திரும்பி வருவது எனக்குப் பிடிக்கவில்லை. இதை நேரில் சொல்ல வாய் வரவில்லை.

முதல் நாள் ரேணிகுண்டாவில் நான் எழுந்தபோது நீ என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாயே, அது இல்லையென்றால் நான் இறங்கியிருப்பேன். அன்றைக்கு மேடத்திடம் நான் பேசியது நாலு வார்த்தை இருக்குமா? அவர் அதுவே போதும் என்றார். மாத்திரையால் இப்போது நடுவில் விழிக்காமல் தூங்குகிறேன். டாக்டர் டூட்டிக்கு இன்னும் லீவு எழுதியிருக்கிறார். அந்த வண்டிக்கே திரும்பிப் போவேனா என்று தெரியவில்லை. அதை இப்போதே முடிவு செய்ய வேண்டாம் என்று மேடம் சொல்லிவிட்டார்.

இன்று காலையில் நடந்ததை உனக்குச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். மீன்கார அம்மா ஒருத்தி ஐஸ் வாங்க வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. அது ஐஸ் பாளத்தைத் தொட்டுவிட்டுத் திடுக்கிட்டது. கையைப் பார்த்தது. பிறகு சிரித்தது. மறுபடியும் தொட்டது.

நான் அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டேன் சேனா. எனக்கே கேட்கிற மாதிரி அழுதேன். அண்ணன் மோட்டாரை நிறுத்திவிட்டு ஓடிவந்தார்.

"யாருக்கு இன்னாடா ஆச்சு?"

"எம் பொண்ணு போயிட்டாண்ணா" என்றேன்.

மார்ச்சில் போனவளுக்கு ஆகஸ்டில் அழுகிறாயே என்று அவர் கேட்கவில்லை. என் பக்கத்தில் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துகொண்டார். உன் பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்க வேண்டியது அப்படித்தான் என்று புரிந்தது.

அவளுக்கு நீ ஒரு பெயர் நினைத்து வைத்திருந்தாய் என்று எனக்குத் தெரியும். வயிற்றைத் தடவிக்கொண்டு தனியாகச் சொல்லிப் பார்ப்பாய். என்னைக் கண்டால் நிறுத்திவிடுவாய். அந்தப் பெயரை எனக்கு எழுதி அனுப்பாதே.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன். உன் வாயால் சொல்.

உன்
சாயி