கோமகனாரின் கடைசல் பொறிக்கு உளித்தாங்கி வேண்டிய ஓலை

மழை தவறாது பொழிக. உலை அணையாது எரிக. கல்லெழில் நாட்டுக் கொல்லர் தெருவின் சம்மட்டி ஓசை பகைவர்க்கு இடியாகவும் உறவினர்க்கு மேளமாகவும் ஒலிக்க. அந்நாட்டின் தலையமைச்சர், பட்டறைகள் அனைத்திற்கும் காவலர், மாராயர் கொற்றங்குமரனார் திருமுன்புக்கு, வெண்கடம்ப நாடாளும் அரசி அவனிநங்கையாரின் திருவாய்மொழி கேட்டு ஓலைநாயகம் பொன்னம்பலக்கூத்தன் எழுதுவது. தங்கள் மன்னரும் மக்களும் ஆவினங்களும் நலமாக இருப்பார்களாக. இங்கு அனைவரும் நலம். அரசியாரின் கணவர் கோமகனார் அமுதவேளாரும் நலம் என்று எழுத வேண்டும் என்பதற்காகவே இத்தனை நீளமான ஓலை.

ஆற்றுத்துறைப் போரில் கோமகனார் தம் வலக்கையின் நடுவிரல்கள் மூன்றையும் இழந்ததைத் தாங்கள் அறிவீர்கள். துறை எங்களுக்குக் கிடைத்தது. ஆனால் பெருவிரலும் சுண்டுவிரலும் மட்டும் எஞ்சிய கையோடு திரும்பியவர் வாய் திறந்து பேசுவதையே விட்டுவிட்டார். அரசியார் அவரைக் கண்ணை இமை காப்பது போலக் காத்தார். சோற்றைத் தாமே பிசைந்து கொடுத்தார், கச்சையைத் தாமே கட்டிவிட்டார், வெற்றிலையைக்கூட மடித்தே நீட்டினார். காப்பு சற்று அளவு மீறுகிறது என்று அரண்மனையில் பலருக்கும் தோன்றியதுதான். ஆனால் பூனைக்கு மணி கட்டுவது யார்?

அந்த வேளையில்தான் தங்கள் மன்னர் அனுப்பிய சிறு கடைசல் பொறி வந்து சேர்ந்தது. பித்தளைத் துண்டைச் சுழலவிட்டு உளியால் கடைந்து சிமிழும் குமிழும் செய்யும் பொறி. ஒரு மணைப்பலகையில் அடங்குவது, காலால் மிதித்தால் ஓடுவது. பொழுதுபோக்கிற்கென வந்த அதைக் கோமகனார் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு எண்ணெய் கொண்டுவரச் சொன்னார். பல திங்களுக்குப் பின் அவர் தாமாகக் கேட்டது அந்த எண்ணெய் ஒன்றைத்தான். அரசியார் தூணுக்குப் பின்னால் போய் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டதை அடியேன் பார்த்தேன்.

உளியைப் பற்றி நிறுத்தும் தாங்கி எது என்ற கேள்வி அதன் பிறகே எழுந்தது. உளியின் முனை சுழலும் துண்டின் நடுவுக்கு நேராக நிற்க வேண்டும். தாழ்ந்தால் துண்டின் முகப்பு நடுவில் கடையப்படாத மொட்டு ஒன்று மிஞ்சும். உயர்ந்தால் உளி வெட்டாமல் தேய்க்கும். இதையெல்லாம் இன்று அடியேன் சரளமாக எழுதுகிறேன். அன்று அவையில் ஒருவருக்கும் தெரியாது. அரண்மனைக்கு வருவது பெரிதாக இருக்க வேண்டும் என்று தங்கள் பட்டறையிலேயே மிகப் பெரிய, ஆப்பால் உளியை இறுக்கும் ஆப்புத் தாங்கியை வரவழைத்தோம். ஆட்டுக்குட்டியின் முதுகில் அம்பாரி வைத்த கதையாயிற்று. எவ்வளவு இறக்கியும் உளி நடுவுக்கு மேலேயே நின்றது. அந்த யோசனையைச் சொன்னவன் அடியேன்தான் என்பதை அரசியார் இவ்வோலையில் எழுதச் சொல்லியிருக்கிறார்.

ஆகவே நான்முகத் தாங்கியைத் தேர்ந்தோம். அதில் நான்கு உளிகளை முன்கூட்டியே இறுக்கிவிடலாம். பிறகு கைப்பிடியைத் திருப்பினால் வேண்டிய உளி முன்னால் வரும். ஆனால் ஒவ்வோர் உளிக்கும் அடியில் மெல்லிய செப்புத் தகடுகளைச் செருகித்தான் உயரம் பார்க்க வேண்டும். தகட்டைச் செருக ஒரு கை, உளியைப் பிடிக்க ஒரு கை, திருகை முடுக்க ஒரு கை வேண்டும். அரசியார் அதற்கும் வழி செய்தார். அரண்மனைக் கொல்லர் நாகணாசாரியார் தினமும் விடியலில் வந்து நான்கு உளிகளையும் நிறுத்திவைத்துப் போகுமாறு பணித்தார். கோமகனார் வந்து அமர்ந்து கடைந்தால் போதும். எல்லாம் நன்றாக முடிந்தது என்றே நாங்கள் நினைத்தோம்.

எங்கள் நாட்டுப் பட்டறை வழக்கம் ஒன்றுண்டு. உளியை நிறுத்தியவர் எவரோ, பொருளின் அடியில் அவர் அடையாளமே குத்தப்படும். பொறியை ஓட்டியவர் பெயர் கணக்கில் வராது. கோமகனார் அரசியாருக்கென்று ஒரு குங்குமச் சிமிழ் கடைந்தார். மூடி காற்றுப் புகாமல் பொருந்தியது. அரசியார் அதைத் தோழியர்க்கெல்லாம் காட்டி மகிழ்ந்தபின் கவிழ்த்துப் பார்த்தார். அடியில் நாகணாசாரியாரின் சுத்தியல் குறி இருந்தது. கணவர் மனைவிக்குச் செய்த சிமிழில் வேறொருவர் அடையாளம்! ஆசாரியார் கோமகனாரின் ஆணைப்படியே குத்தியதாகச் சொல்லி விழுந்து வணங்கினார்.

அரசியார் நேரே கடைசல் கூடத்திற்குப் போனார். கோமகனார் சினக்கவில்லை. உளியை நிறுத்தியவர் ஆசாரியார், தாம் வெறுமனே மிதித்தவர், மிதித்தவன் குறி குத்திக்கொள்வது களவல்லவா என்று அமைதியாகக் கேட்டார். பிறகு, சோறு பிசைவது அரசி, கச்சை கட்டுவது அரசி, உளி நிறுத்துவது ஆசாரி என்றால் இந்த வீட்டில் தமக்கு என்னதான் வேலை என்றும் கேட்டார். அரசியார் கூடத்தை விட்டு வெளியே வந்தார். அன்பு செய்கிறோம் என்று எண்ணி, அவர் வலக்கையில் மிஞ்சியிருந்த இரு விரல்களையும் தாமே பறித்துக்கொண்டதாக அன்று அடியேனிடம் சொல்லி அழுதார்.

மறுநாள் எல்லாத் தாங்கிகளும் அவர்முன் வைக்கப்பட்டன. தேர்வு அவருடையது என்று அரசியார் சொல்லிவிட்டார். ஒரே திருகால் உளியை இறுக்கும் ஒற்றைத் திருகுத் தாங்கியில் செப்புத் தகடு நழுவி நழுவி விழுந்தது. விழும்போதெல்லாம் அரசியார் எழப்போனார். கோமகனார் திரும்பிப் பார்க்க, மீண்டும் அமர்ந்தார். பிறகு கோமகனார் நாங்கள் ஒதுக்கிய ஆப்புத் தாங்கியை எடுத்தார். அதில் தகடே வேண்டாம். உளி ஒரு கூட்டில் அமர, மேலிருக்கும் சிறு மரையைத் திருகினால் கூடு ஏறும், இறங்கும். பக்கத்து நெம்புகோலைத் தள்ளினால் ஆப்பு இறங்கி இறுகும். ஆனால் மரை புன்னைக்காய் அளவே இருந்தது. இடக்கை உளியைப் பிடித்திருக்க, வலக்கையின் இரு விரல்களுக்கு அது அகப்படவில்லை. நெடுநேரம் முயன்று வியர்த்தவர், சுண்ணாம்புச் செப்பின் மூடியைக் கழற்றி மரைமேல் வைத்து அரக்கால் ஒட்டினார். உள்ளங்கையை அதன்மேல் வைத்துச் சுழற்றினார். கூடு இறங்கியது. கோமகனார் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு வாயிற்காவலர்கூட உள்ளே எட்டிப் பார்த்தனர்.

கல்லெழில் கொல்லரின் நேர்த்தியான வேலையின் தலையில் மூடியை ஒட்டச் சொன்னால் அவர்கள் மனம் நோகாதா என்று எங்கள் அமைச்சர் ஒருவர் தயங்கினார். அவர்கள் மனத்தைத் தாம் ஓலை எழுதி ஆற்றிவிடுவதாகவும், கோமகனார் மனத்தை ஆற்ற ஓலை போதாது என்றும் அரசியார் கூறினார்.

ஆதலால் வேண்டுவது இது. இத்துடன் வரும் மூங்கிற்குச்சி, பொறியில் தாங்கி அமரும் சறுக்குப் பலகையிலிருந்து துண்டு சுழலும் நடு வரையுள்ள உயரம். கோமகனார் தாமே அளந்து நறுக்கியது. இதற்கு அடங்கும் சிறிய ஆப்புத் தாங்கி ஒன்று வார்த்துத் தருக. மரை உள்ளங்கை அகலச் சக்கரமாக, விளிம்பில் பள்ளம் வெட்டியதாக இருக்கட்டும். நெம்புகோல் முழங்கையால் தள்ளும் நீளம் இருக்கட்டும். அழகு குறைந்தாலும் குறையட்டும்.

இனி அரசியார் தம் அரண்மனைக்கு இட்ட கட்டளை. தாங்கள் சான்றாக இருக்கவேண்டி இங்கே எழுதப்படுகிறது. தாங்கி வந்த நாள் முதல், கோமகனார் அழையாமல் எவர் கையும் அவர் உளிமேல் படலாகாது. ஆசாரியார் கையும் படலாகாது, அரசி கையும் படலாகாது. கீழே விழுந்ததை அவரே எடுப்பார். நேரமானால் சோறு காத்திருக்கும்.

இவ்வண்ணம் அரசியார் திருவாய் மலர்ந்தருள, ஓலைநாயகம் எழுதி முடிக்க, கடம்ப இலச்சினை இடப்பட்டது. இலச்சினை சற்றே சாய்ந்து விழுந்திருப்பதைக் கண்டு பொய்யோலை என்று ஐயுற வேண்டாம். அதை அழுத்தியவர் கோமகனார். முதல் முறை முத்திரை வழுக்கியது. இரண்டாம் முறை பதிந்தது. அரக்கு ஆறும் வரை அரசியார் தம் இரு கைகளையும் மடியிலேயே கோத்து வைத்திருந்தார்.