கரையான் தின்ற ஒற்றைப் பக்கம்

என் கிண்டலுக்கெல்லாம் கோபிக்கத் தெரியாத ஆறுமுகம் மச்சானுக்கு,

நீ போன இடத்திலாவது ஆபீஸ் இல்லாமல் இருக்கிறதா? இங்கே உன் சாவை விசாரிக்கிறோம் என்று ஏழு மாதத்தில் ஐந்து தடவை என்னைக் கோலாருக்கு இழுத்துவிட்டார்கள். மூணாங் கிளாஸ் தாண்டாத எனக்கு, எந்தக் குமாஸ்தா எந்தப் படியோரம் வெற்றிலை துப்புவார் என்பதுவரை இப்போது அத்துப்படி.

அப்படி என்ன குற்றம் செய்தாய்? தீப்பிடித்த நம் சுரங்கக் கூலி லைன் வீடுகளுக்கு வந்த தகரம் மந்திரியின் ஆள் கொட்டகைக்கு எப்படிப் போனது என்று எலெக்‌ஷன் மேடையில் கேட்டாய். இறங்கியதும் போலீஸ் கூட்டிப்போனது. மறுநாள் நடுப்பகலில் மாரிகுப்பம் தண்டவாளத்தோரம் கிடந்தாய். போலீஸ் ஸ்டேஷனுக்கே நீ வரவில்லையாம், குடித்துவிட்டு விழுந்தாயாம். நீயா? சாராயக்கடைத் தெருவில் கால் வைக்காமல் சுற்றிக்கொண்டு போகிறவனா?

சாட்சி யார் தெரியுமா? நம்ம லைன் கோவிந்தன். அன்று காலை பத்து மணிக்கு நீ தள்ளாடியதைப் பார்த்தானாம். பத்து மணிக்கு அவன் சுரங்கத்துக்குள்ளே என் பக்கத்தில் பாறை உடைத்துக்கொண்டிருந்தான். சாயந்திரம் உன்னை விட்டுவிடுவார்கள் என்று நம்பி நானும் அன்று ஷிப்டுக்குப் போனேனே மச்சான், அதை யாரிடம் போய்ச் சொல்ல?

சுரங்கத்தில் இறங்கும்போது அவரவர் நம்பர் போட்ட பித்தளைப் பில்லையை ஆணியில் மாட்டுகிறோம், ஏறியதும் எடுத்துக்கொள்கிறோம். கிளார்க் அதை நோட்டில் எழுதுகிறார். அந்த நோட்டைக் கேட்டேன். போலீஸிடம் இருக்கிறது என்றார்கள். போலீஸ் தாலுகா ஆபீஸைக் கை காட்டியது. ஒருவழியாகப் போன வாரம் வந்தது. நீ செத்த நாளின் பக்கம் மட்டும் இல்லை.

“கரையான் அரிச்சிடுச்சாம்ப்பா” என்றார் விசாரணை அதிகாரி.

“மத்த பக்கத்த தொடவே இல்லியே சார்? தேதி பாத்து துன்ற கரையான இப்பத்தான் பாக்கறேன். இன்னா படிச்சிருக்குது அது?”

“எகத்தாளமா? வெளிய போய்யா!”

வெளியே மரத்தடியில் கோவிந்தன் பீடி பிடித்துக்கொண்டிருந்தான். “இன்னா கோவிந்தா, பில்லைய எடுத்துகினியா?” என்றேன், பழக்க தோஷம். அவன் முகம் செத்துவிட்டது. அப்போதுதான் எனக்கும் உறைத்தது.

ஒருநாள் அவன் பில்லையை ஆணியிலேயே மறந்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டான். ஆள் உள்ளே சிக்கிக்கொண்டான் என்று சைரன் ஊதி, ஆறு பேர் இறங்கித் தேடினார்கள். அதிலிருந்து லைனே அவனை இப்படிக் கேட்டுத்தான் கிண்டல் செய்கிறது. அந்தச் சைரன் நடுவில்தானே உன் சேதி வந்தது! கிண்டலை நினைவு வைத்தேன், அது எந்த நாள் என்பதைத் தொலைத்துவிட்டேன்.

“வுட்டுடுண்ணே. எம் புள்ளைக்கு கவர்மெண்ட்ல வேல தர்றேன்னாங்க” என்று கையைப் பிடித்தான்.

நீ செத்த அன்று அவன் சுரங்கத்தில் இறங்கியதற்குச் சாட்சி சொல்லச் சொல்லி, தேடப்போன ஆறு பேரையும் பார்த்துவிட்டேன். நான்கு பேர் தரையைப் பார்த்தார்கள். இரண்டு பேர் வருகிறோம் என்றார்கள்.

உன் பில்லையைத் திருப்பிக் கேட்டு நேற்று ஆபீஸ் ஆள் வந்தான். “ஆளே வந்து சேரலியே, பில்லைய எப்பிடி குடுக்கறது?” என்று என் தங்கச்சி அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

பில்லை இருந்து ஆள் வராவிட்டால் தேடுவதை நிறுத்துகிற வழக்கம் நமக்கு எப்போது இருந்தது? திங்கட்கிழமை அந்த இரண்டு பேரோடு கோலார் பஸ் ஏறுகிறேன். உன் மேல் ஒட்டிய குடிகாரப் பட்டம் உரியும்வரை ஏறிக்கொண்டே இருப்பேன். இதில் மட்டும் கிண்டல் இல்லை.

உன் வீட்டுக்காரியின் அண்ணன்,
உன் மச்சான் முனுசாமி