பின்வாசல் கதவும் விறகு ஹீட்டரும்

அன்புள்ள பாப்பா,

நானும் அப்பாவும் நலம், எங்கள் சண்டையும் நலம். நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். முழங்கால் அளவு பனி கிடக்கும் ஊரில் இருந்துகொண்டு, நம் வீட்டில் குளிரும், இந்த வருஷமும் வரவில்லை என்று எழுதியிருந்தாயே, அதை உன் அப்பாவிடம் அப்படியே படித்துக் காட்டினேன். தச்சுப் பட்டறையை நீ பார்த்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனதிலிருந்து மூன்று வருஷமாக உன் பேச்சை எடுக்காத மனுஷன், குளிராமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். எங்கே எங்கே என்று கேட்டபடி நானும் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். போய் நின்றது ஹீட்டர் கடை! நீதான் சாப்பாட்டுத் தட்டோடு பின்முற்றத்துக்கு ஓடுகிறவளாயிற்றே, அதனால் வெளியே வைக்கிற விறகு ஹீட்டர்தான் வேண்டுமாம். அகலச் சட்டி மாதிரி இருந்ததைக் காட்டினார்கள், புகை முகத்தில் அடிக்கும், அவளுக்குக் கண் எரியும் என்றார். இன்னொன்றைத் தட்டிப் பார்த்து, தகரம், ஒரு குளிர்காலம் தாங்காது என்றார். புகைக்குழாய் வைத்த கனத்த இரும்பு ஹீட்டருக்குள் தலையை விட்டுப் பார்த்தார், அதோடு விட்டாரா, புகை மேலே இழுக்கிறதா என்று பார்க்கக் கடைக்குள்ளேயே காகிதத்தைக் கொளுத்திப் போட்டுவிட்டார். கடைக்காரர் வாளித் தண்ணீரோடு ஓடி வந்தார், எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது.

கூத்து அதோடு முடியவில்லை. அந்த இரும்பு ஹீட்டரையே வாங்கி வந்து, மழை தூறுகிறதே என்று கூடத்தில் வைத்தே அதன் காலெல்லாம் முடுக்கி, இணைப்புக்கெல்லாம் பசையும் பூசினார், மறுநாள் அது கல்லாகிவிட்டது. தூக்கினால் பின்வாசலில் நுழையவில்லை! ஊருக்கெல்லாம் அளந்து கதவு செய்து கொடுத்தவர், தான் செய்த கதவையே அளக்க மறந்துவிட்டார். எதிர்வீட்டு பிளம்பரும் அவருமாகக் கதவையே கழற்றினார்கள், மயிரிழையில் வெளியே போயிற்று. இப்போது பின்வாசலில் போர்வை தொங்குகிறது. குளிருக்கு ஹீட்டர் வாங்கிவிட்டு வீட்டுக்குள் நடுங்குகிறவர்கள் உலகத்திலேயே நாங்கள் இரண்டு பேராகத்தான் இருப்போம். பிளம்பர் கதவை மாட்டித் தருகிறேன் என்று வந்து நின்றார், உன் அப்பா வேண்டாம் என்றுவிட்டார். என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "சின்ன வயசுல அவதானே எனக்கு எதிர்ப்பக்கம் பிடிப்பா. அவ வந்து பிடிக்கட்டும், அப்புறம் மாட்டிக்கலாம்."

நன்றாக இரு, எங்கள் ஆசி எப்போதும் உனக்கு உண்டு. விறகு காய்ந்து தயாராக இருக்கிறது. கதவு கனம், கையுறை எடுத்து வர மறக்காதே.

இரண்டு சால்வைக்குள்ளிருந்து,
உன் அம்மா