ஐந்தாம் மாடி அண்ணைக்கு என் முற்றம்

ஆவணி, ஞாயிறு இரவு.

இன்று நடராசா அண்ணையின் செத்தவீடு. நடந்தது என் முற்றத்தில்.

என் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த தன் வீடு வளவை ஹோட்டல் கட்டக் கொடுத்துவிட்டு, அதே கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் வீடு எடுத்தவர் அவர். தினமும் காலையில் பல்கனியில் நின்று என் கூரையைப் பரிசோதிப்பார்.

"தம்பி, மேற்குப் பக்கம் ஓடு ஒண்டு விலகிக் கிடக்கு. மாரிக்கு முதல் ஏறிப் பாரடா."

என் வண்டி வயிற்றோடு நான் ஏறினால் விலகாத ஓடுகளும் விலகும் என்பேன். தெருவே திரும்பிப் பார்க்கச் சிரிப்பார்.

ஆஸ்பத்திரியிலிருந்து பெட்டி வந்தபோது ஹோட்டல் முகாமையாளர் வாசலில் மறித்தார். "லிஃப்டுக்குள்ளை பெட்டி கொள்ளாது. கீழை மண்டபத்திலை கலியாணமும் நடக்குது. குறை நினைக்காதேங்கோ."

அண்ணையின் மனைவி கமலா அக்கா சண்டை பிடிக்கவில்லை. கார் நிறுத்தும் இடத்தைக் காட்டினார். "அதிலைதான் எங்கடை விறாந்தை இருந்தது. அதிலை எண்டாலும் கொஞ்ச நேரம் வைச்சு எடுக்கலாமோ?"

அதில் மாப்பிள்ளையின் கார் பூச்சோடித்து நின்றது.

அதனால்தான் பந்தலும் கிரியையும் என் முற்றத்தில்.

சுடலையால் வந்து குளித்தபின் பார்த்தேன், அக்கா பல்கனியில் தனியே நின்றார். மனம் கேட்கவில்லை.

"அக்கா, மேற்குப் பக்கத்து ஓடு எப்பிடிக் கிடக்கு?" என்று கீழேயிருந்து கத்தினேன்.

அக்கா பல்கனிக் கம்பியைப் பிடித்துக் குனிந்து என் கூரையைப் பார்த்தார்.

"இருட்டிப்போச்சு, தெரியேல்லைத் தம்பி. காலமை பாத்துச் சொல்லுறன்."