அடியெண்ணி செய்த கம்மியன் ஓணனை விடுவிக்குமாறு கொற்றி நங்கையார் விடுத்த ஓலை

நாடு நலம் பெறுக. மழை தன் காலம் மறவாதிருக்க. வடவெல்லைக் காவலில் நிற்கும் வீரர் அனைவர்க்கும் நோயற்ற உடலும் அச்சமற்ற உறக்கமும் வாய்ப்பனவாகுக.

குடவரை நாட்டின் கோப்பெருந்தேவியும், வானடைந்த ஆதன் வெண்கோவரையரின் வாழ்க்கைத் துணைவியும், அவருக்குப் பின் அரியணைப் பொறுப்பைத் தாங்கி நிற்பவருமான கொற்றி நங்கையார், தாழைமாநகர் அரண்மனையின் மேலை மண்டபத்தில், ஆசனம் தவிர்த்து வெறுந்தரையில் அமர்ந்து திருவாய் மொழிந்தருள, ஓலைநாயகம் சாத்தன் பூதி எழுதியது.

வடவெல்லைக் கற்கோட்டையின் தலைவரும், மும்முறை பகை தடுத்தவரும், வானடைந்த மன்னரின் உடன்பிறந்த இளவலும், தேவியாருக்குக் கொழுந்தனாருமான எயினன் வெண்கோவரையர் இதனைக் கேட்டருள்க.

அரசரை எரியூட்டிய ஒன்பதாம் நாளில் கொழுந்தனாரின் தூதன் இங்கு வந்தான். கம்மியன் ஓணன் எல்லை வாயிலில் பிடிபட்டான் என்றும், பதினாறாம் நாட்சடங்கன்று கோட்டை முற்றத்தில் அவன் தலை வீழும் என்றும், அதன்பின் அண்ணியாரின் நெஞ்சு சற்றே ஆறும் என்றும் அவன் உரைத்தான். கேட்ட கணமே தேவியார் ஓலைநாயகத்தை அழைத்தார். ஓணன் குற்றமற்றவன். அவன்மேல் பழி விழக் காரணமானவர் யாரென்பதை இவ்வோலை மறைக்காது சொல்லும். நடந்தது அனைத்தையும் முதலிலிருந்தே அறிந்தாலன்றிக் கொழுந்தனாரின் சினம் தணியாது என்பதால், தேவியார் சுருக்காமல் சொல்லத் துணிந்தார்.

கொழுந்தனார் எல்லைக்குச் சென்ற பின் வந்த மூன்று ஆண்டுகளில் அரசர் உடல் பெருத்தார். போர் இல்லை, வேட்டை இல்லை. காலையில் வழக்கு, மாலையில் விருந்து என்று நாள் கழிந்தது. முதலில் குதிரை ஏறுவதை விட்டார், பிறகு மாடி ஏறுவதை விட்டார். சென்ற ஆடித் திங்களில் பெருமதகு திறக்கும் நாளன்று, மரபுப்படி பன்னிரண்டு படி இறங்கி ஆற்றில் மலர் இட்டவர், திரும்பி ஏறுகையில் ஏழாம் படியில் மூச்சு முட்டி அமர்ந்துவிட்டார். நால்வர் பலகையில் வைத்துத் தூக்கி வந்தனர். கரையில் நின்ற உழவர் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் மண்ணைப் பார்த்தபடி நின்றனர். அரண்மனை திரும்பியதும் அரசர் தேவியாரிடம், "சிரிச்சிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன் கொற்றி, எல்லாரும் எனக்காக வெக்கப்பட்டாங்களே, அதைத்தான் தாங்க முடியலை" என்றார். அன்று அவர் உண்ணவில்லை.

அரண்மனை மருத்துவர் கண்ணந்தையார் அவர் உடலை ஆராய்ந்து, இந்த எடையை முழங்காலும் இதயமும் நெடுநாள் சுமக்கமாட்டா என்றும், உணவைப் பாதியாக்கி நாள்தோறும் நடப்பதே மருந்து என்றும் கூறினார். அரசரும் நடந்தார். சோலையை இரண்டு முறை சுற்றிவிட்டு ஒரு காதம் நடந்ததாகவே நம்பினார், நம்பியதால் பசித்தார், பசித்ததால் முன்னிலும் மிகுதியாக உண்டார். மாதம் ஒன்று கழிந்தும் எடை குறையவில்லை.

அந்நாளில்தான் ஓணன் வந்தான். நேரம் காட்டும் நம் நாழிகை வட்டில்களைப் பழுது பார்க்கும் கீழைச்சேரிக் கம்மியன் அவன். குட்டையான மனிதன், பேசும்போது எதிரில் இருப்பவர் கைகளையே பார்ப்பான். சுண்ணாம்புச் செப்பு அளவில் பித்தளைப் பெட்டி ஒன்றைச் செய்து கொண்டுவந்தான். இடையில் அதைக் கட்டிக்கொண்டு நடந்தால், உள்ளே தொங்கும் குண்டு அடிக்கொருமுறை ஆடி ஒரு பற்சக்கரத்தைத் தள்ளும். அச்சக்கரம் அடுத்ததைத் தள்ளும். மூடியிலுள்ள மூன்று முட்கள் நூறு வரையும் ஆயிரம் வரையும் பதினாயிரம் வரையும் நடந்த அடிகளைக் காட்டும். அதற்கு அடியெண்ணி என்று பெயர் வைத்திருந்தான். இது உடம்பை இளைக்க வைக்குமா என்று அரசர் கேட்டதற்கு அவன் சொன்ன விடை தேவியாருக்குச் சொல் மாறாமல் நினைவிருக்கிறது. "இது ஒண்ணும் இளைக்க வைக்காதுங்க மகாராசா. நீங்க நடந்தாத்தான் இளைக்கும். எவ்வளவு நடந்தீங்கன்னு மட்டும் இது பொய் சொல்லாம சொல்லும், அவ்வளவுதான்."

முதல் நாள் மாலை முள் காட்டியது ஆயிரத்து நானூறு. அரசர் பெட்டி பழுது என்றார். ஓணன் பணிவோடு அதைத் தன் இடையில் கட்டி, நூறு அடி உரக்க எண்ணி நடந்து காட்டினான். முள் நூறில் நின்றது. அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். தன்னைத் தானே ஏமாற்றிக்கொண்டது பிடிபட்டவரின் சிரிப்பு அது.

மறுநாள் முதல் நேற்றையதைக் காட்டிலும் ஐம்பது அடி கூட என்று தாமே விதி வகுத்துக்கொண்டார். வழக்குகளை நடந்துகொண்டே கேட்டார்; அமைச்சர்கள் பின்னால் மூச்சிரைக்க ஓடிவந்தனர். மாலையில் நூறு அடி குறைந்தால், தேவியாரின் கையைப் பிடித்துக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்து நிரப்பிய பின்பே உணவுக்கு அமர்ந்தார். முள்ளைப் பார்த்த பின் இரண்டாம் முறை நெய் கேட்பதற்கு அவருக்கே கூச்சமாயிருந்தது. திங்கள்தோறும் களஞ்சியத்துப் பெரிய துலாக்கோலில் ஏறினார். ஆவணியில் முப்பத்திரண்டு துலாமாயிருந்த எடை, தைத்திங்களில் இருபத்தெட்டாயிற்று. அடிகளோ நாளொன்றுக்கு ஒன்பதினாயிரத்தை எட்டின. மதகு அடைக்கும் நாளில் அந்தப் பன்னிரண்டு படிகளையும் ஒருவர் கையும் பற்றாமல் இறங்கி ஏறினார். உழவர் எழுப்பிய ஆரவாரத்தில் நாரைகள் கலைந்து பறந்தன. தேவியார் தம் வாழ்நாளில் அத்துணை மகிழ்ந்த நாள் வேறில்லை.

இதுவரை நடந்தது அடியெண்ணியின் நன்மை. இனி வருவது தேவியாரின் குற்றம்.

மாசித் திங்களில் எல்லைக்கோட்டை வீரரிடையே காய்ச்சல் பரவியதாகக் கொழுந்தனாரின் ஓலை வர, அரசர் தம் மருத்துவரையே அங்கு அனுப்பினார். அதற்காக யாரும் வருந்த வேண்டியதில்லை. எத்தனையோ வீட்டு மக்கள் அதனால் பிழைத்தனர். ஆனால் மருத்துவர் சென்ற சில நாட்களில் அடிகள் குறையத் தொடங்கின. ஒன்பதினாயிரம் ஆறாயிரமாயிற்று, பிறகு நாலாயிரமாயிற்று. அரசர் களைப்பென்றார். எடையோ முன்னிலும் விரைந்து இறங்கியது. பங்குனியில் துலாக்கோல் இருபத்து மூன்று காட்டியபோது அரண்மனையே கொண்டாடியது. தேவியார் பாற்சோறு ஆக்கி எல்லோருக்கும் வழங்கினார். அரசரின் அங்கிகளைப் பிரித்துச் சிறிதாக்கித் தைக்கச் சொன்னார். மணநாளில் பார்த்த முகம் திரும்பி வந்துவிட்டதென்று தோழியரிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்தார்.

அரசருக்குக் குடிநீர் எடுத்துவைக்கும் வடுகி என்பவள் ஒருநாள் தயங்கித் தயங்கி வந்து நின்றாள். "தாயே, சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. மகாராசாவுக்கு ஒரு பகலுக்கு நாலு குடம் தண்ணி ஆகுது. குடிச்சும் தாகம் அடங்கலை. நீர் கழிக்கிற இடத்துல எறும்பு மொய்க்குது" என்றாள். நடப்பவருக்குத் தாகம் எடுக்காதா என்று தேவியார் அவளைக் கடிந்து அனுப்பினார்.

அடுத்து வந்தவன் ஓணன். மாதம் ஒருமுறை பெட்டிக்கு எண்ணெய் இட வருபவன், முட்களைப் பார்த்துவிட்டு, துலாக்கோற் காவலனிடம் எடையையும் கேட்டறிந்து, தேவியாரைக் காண வேண்டினான். கண்டதும், "தாயே, அடி கொறைஞ்சுக்கிட்டே வருது. நியாயமா எடை இறங்குறது நிக்கணும். ஆனா அது பாதாளத்துக்குப் போகுது. இது நடந்து வந்த இளைப்பு இல்லைங்க, வேற எதுவோ அவரைத் தின்னுது. வைத்தியரை உடனே வரச் சொல்லுங்க" என்றான். தேவியார் சொன்ன விடை இது: "எண்ணெய் போட வந்தவன் எண்ணெயப் போட்டுட்டுப் போ. மகாராசா உடம்பைப் பத்திப் பேச உனக்கு வாய் ஏது?" அவன் தேவியாரின் கைகளைப் பார்த்தபடியே வணங்கிப் போய்விட்டான்.

தேவியார் பொல்லாத மனத்தால் அப்படிச் சொல்லவில்லை. இத்தனை நாள் ஏங்கிப் பெற்றதை நோய் என்று நம்ப அவருக்கு மனம் வரவில்லை. மனம் வராததற்கு அரசர் விலை கொடுத்தார்.

பதினெட்டு நாள் கழித்து, வழக்கு கேட்கும் மண்டபத்தில் அரசர் மயங்கி விழுந்தார். ஆளனுப்பி மருத்துவர் வந்து சேர எட்டு நாளாயிற்று. கண்ணந்தையார் அரசரின் மூச்சை முகர்ந்தார், தாகத்தைக் கேட்டார், வடுகியை அழைத்து எறும்பைப் பற்றி விசாரித்தார். நீரிழிவு முற்றிவிட்டது என்றார். நடை இந்நோயைக் கொண்டுவரவில்லை, தள்ளிப்போட்டது என்றும், முதல் நான்கு துலாம் நடந்து குறைந்தது, பின்னைய ஐந்து துலாம் நோய் உண்டது என்றும், இரண்டு திங்கள் முன்னர்த் தம்மை அழைத்திருந்தால் உணவாலும் மருந்தாலும் சில ஆண்டுகளேனும் காத்திருக்கலாம் என்றும் சொல்லித் தலை கவிழ்ந்தார். பெட்டி இரண்டு திங்களாக உரைத்ததை அவர் ஒரு நாளில் உரைத்தார்.

கடைசி நாளன்று அரசர் தெளிவாயிருந்தார். பகலில் தேவியாரின் தோளைப் பற்றிப் பலகணிவரை நடந்து திரும்பிப் படுத்தவர், இன்று எத்தனை என்று கேட்டார். கூட்டிச் சொல்லத்தான் தேவியாருக்கு நா எழுந்தது. ஆனால் முட்களைப் பார்த்து, "அறுபத்து நாலுங்க" என்றார். அரசர் புன்னகைத்து, "ஒளிக்காமச் சொன்னியே, போதும்" என்று கண்களை மூடினார். மாலை விளக்கேற்றும் முன் மூச்சு நின்றது.

கொழுந்தனார் இனி ஓலையின் மிகக் கொடிய பகுதியைக் கேட்கவேண்டும். ஈமத்தீ மூண்டபோது, ஊரார் அனைவரும் கேட்க, "அந்தப் பெட்டிதான் என் ராசாவைத் தின்னுடுச்சு!" என்று அலறியவர் தேவியார்தாம். அது பொய் என்று அலறும்போதே அவருக்குத் தெரியும். தம்மை நோக்கி வந்த பழியை யார்மேலாவது தள்ளாவிட்டால் அந்தத் தீயிலேயே விழுந்திருப்பார். தள்ளுவதற்கு எளியவனாக ஒருவன் கூட்டத்தின் ஓரத்தில் அழுதுகொண்டு நின்றான். காவலர் அவனை நோக்கித் திரும்பினர். அவன் ஓடினான். ஓடியதையே குற்றத்துக்குச் சான்றாகக் கொண்டனர். அச்சொல் எல்லைக்கோட்டைவரை எட்ட, கொழுந்தனார் அண்ணியாரின் சொல்லை நம்பினார். நம்பியது அவர் பிழையன்று.

ஆகவே கோப்பெருந்தேவியார் ஆணையிட்டருள்வது: இவ்வோலை கண்ட நாழிகையே கம்மியன் ஓணனின் விலங்கு அகற்றப்படுக. அவனைக் கொல்வதாகப் பறை அறைந்த அதே முற்றத்தில், படைவீரரும் ஊராரும் கூடியிருக்க, இவ்வோலை முழுவதும் உரக்க வாசிக்கப்படுக. தேவியாருக்கு இழிவு தரும் இடங்களில் ஒரு சொல்லும் விடப்படாதொழிக. அவனும் அவன் வழியினரும் இந்நாட்டில் எவ்வாயிலிலும் தடையின்றிச் செல்வாராக. ஒருகால் இவ்வோலை வரும்முன் வாள் விழுந்திருக்குமாயின், கொழுந்தனாரே, அப்பழியில் உமக்குப் பங்கில்லை. அது முழுவதும் தாழைமாநகருக்கு உரியது, இங்கேயே அனுப்பிவிடுக.

அறம் இடையில் உறங்கினாலும் விழிக்கும் என்னும் துணிவோடு, தாழைமடல் இலச்சினை பொறித்து விடுத்தோம். குதிரை மாற்றி மாற்றி விரைக.

ஓலையின் புறத்தில் கற்கோட்டை எழுத்தன் பொறித்தது:

பதினைந்தாம் நாள் நண்பகல் இவ்வோலை வந்தது. விலங்கு அகற்றி, முற்றத்தில் வாசிக்கப்பட்டது. தேவியார் தம் குற்றம் உரைத்த இடத்தில் வாசிப்பவன் குரலைத் தாழ்த்த, கோட்டைத் தலைவர் அவ்விடத்தை மீண்டும் உரக்க வாசிக்கச் செய்தார். பின்பு தாமே இறங்கி வந்து ஓணன்முன் நின்று, வேண்டுவது யாதென்று கேட்டார். அவன் ஒன்றும் வேண்டவில்லை. "அந்தத் தாய் இப்ப வேளாவேளைக்குச் சாப்பிடுறாங்களா?" என்று மட்டும் கேட்டான். இங்குள்ளோர் ஒருவர்க்கும் விடை தெரியாமையால், அக்கேள்வியே மறுமொழியாகத் தாழைமாநகருக்கு விடுக்கப்படுகிறது.