பனியில் புதைத்த பீப்பாய்

1988 ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள்

நிலவறையில் இருந்தவர்கள்: நான், மகள் லொரெய்ன், கொழுந்தன் நார்பர்ட், பக்கத்து வீட்டு வாண்டா. பின்னால் யாரும் "நான் அங்கே இல்லை" என்று சொல்லக் கூடாது, அதற்குத்தான் எழுதுகிறேன்.

பழைய ஃபிரிட்ஜ் செத்துவிட்டது. என் வீட்டுக்காரர் கதவில் துளை போட்டு பீர்க் குழாய் வைத்த ஃபிரிட்ஜ். உள்ளே அவர் கடைசியாகக் காய்ச்சிய கருப்பு பீர். ஜூலையில் பீப்பாயில் அடைத்துவிட்டு, "புது வருஷம் வரைக்கும் தொடாத பெர்னி, ஊறணும்" என்றார். செப்டம்பரில் போய்ச் சேர்ந்துவிட்டார். இன்றுதான் முதல் தம்ளர் பிடிப்பதாக இருந்தோம்.

நார்பர்ட்டுக்குத் தன் பீருக்கும் அதில் ஒரு குழாய் வேண்டுமாம். துளை போடுவதென்றால் கதவில்தான், பக்கச் சுவருக்குள் குளிர வைக்கும் கேஸ் குழாய் ஓடுகிறது என்று அவர் இவனிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பார். நானும் சொன்னேன். வாண்டாவுக்குத் தட்டு எடுக்கத் திரும்பினேன், அதற்குள் பக்கச் சுவரில் துளை போட்டுவிட்டான். புஸ்ஸென்று சீறியது. லொரெய்ன் பிளக்கைப் பிடுங்கினாள்.

"நல்லவேளை நார்பர்ட்டு, நீ பல் டாக்டருக்குப் படிக்கல" என்றாள் வாண்டா.

ஜனவரி 7

வீடு இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று தெரியாது. கீழே ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தால் அவர் கீழே ஏதோ வேலையாக இருக்கிறார் என்று — வேண்டாம்.

ஜனவரி 8

நார்பர்ட் வந்தான். நான் கதவைத் திறக்கவில்லை. கராஜுக்கு வடக்கே, மார்பளவு பனியில் குழி தோண்டினான். பீப்பாயைக் குழாயோடு இறக்கி, பழைய ரஜாய்ப் போர்வையால் மூடினான். "மில்வாக்கி பனிக்குப் பிளக் வேண்டாம் அண்ணி" என்று நான் நின்ற ஜன்னலைப் பார்த்துச் சொன்னான்.

ஏன்டா பக்கச் சுவரில் போட்டாய் என்று கேட்டேன்.

"கதவுல அண்ணன் எழுதின சாக்பீஸ் எழுத்து இருக்கே. அதுமேல எப்படி மெஷினை வைக்கிறது?"

திருநாளன்று வாசல் கதவில் வீட்டுக்கு ஆசியாக மூன்று ராஜாக்களின் பெயர் முதலெழுத்துகளைச் சாக்பீஸில் போட்ட கையோடு ஃபிரிட்ஜ் கதவிலும் போடுவார். போன வருஷத்தது. நானும் துடைக்கவில்லை.

உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்தேன்.

ஜனவரி 10

பூட்ஸ் போட்டுக்கொண்டு போய் ஒரு தம்ளர் பிடித்தேன். கருகிய ரொட்டி மணம். கடைசியில் ஒரு இனிப்பு. இனி ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று.

ஜனவரி 31

இன்னும் பனி பெய்யட்டும்.

பிப்ரவரி 14

நார்பர்ட் உளறிவிட்டான். அவருக்கு நாள் அதிகமில்லை என்று ஜூன் மாதமே டாக்டர் சொல்லிவிட்டாராம். அதை இவனிடம் மட்டும் சொல்லி, என்னிடம் சொல்லக் கூடாதென்று சத்தியம் வாங்கியிருக்கிறார் அவர்.

"சீக்கிரம் ஆகற பீரா போடுங்கன்னேன் அண்ணி. 'இது எனக்கில்லடா. பெர்னி குளிர்காலத்தைத் தாண்டணுமில்ல'ன்னாரு."

அடைக்கும்போது எப்போதும் ஒரு வாய் ருசி பார்ப்பவர், அன்று பார்க்கவில்லை. கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றார். நானும் நம்பி, கஞ்சி வைத்துக் கொடுத்தேன். ஏன் என்னிடம் சொல்லவில்லை? நான் என்ன, கண்ணாடியா, உடைந்துபோக?

மார்ச் 13

பனி கரைந்துவிட்டது. ரஜாய் சேற்றில் கிடக்கிறது. குழாயைத் திறந்தேன். முதலில் நுரை, பிறகு அரைத் தம்ளர், பிறகு வெறும் காற்று. நின்றபடியே குடித்தேன், கடைசிச் சொட்டு வரை. அவர் சொன்னது சரிதான், ஊறித்தான் இருந்தது.

ஃபிரிட்ஜை எடுத்துப் போகச் சொன்னேன். கதவை மட்டும் கழற்றி வைத்துவிட்டுப் போனான் நார்பர்ட். அவன் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை.

ஒரு கோடை முழுக்கத் தெரிந்துகொண்டே என் பக்கத்தில் படுத்திருந்துவிட்டு, கையை ஒருதரம் இறுகப் பிடிக்கக்கூட விடாமல் போன ஆளை மட்டும் மன்னிக்க மாட்டேன். உன்னைத்தான், சிக்மண்ட்.